மேற்கோளும் அளவுகோலும்

பிறர் கருத்தை எடுத்தாளுதல் தமிழ் நூலோரின் பழைய மரபு. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோரை ‘என்ப’, ‘என்மனார்’ எனப் பெயர் சுட்டாதே குறித்தார். உரையாசிரியர்கள் பழஞ்செய்யுட்களை மேற்கோள் காட்டித் தம் கொள்கையை நிறுவினர். தகடூர் யாத்திரையின் பாடல்கள் சில நமக்குக் கிட்டியது, தொகுத்தோரும் உரைகாரரும் அவற்றை எடுத்தாண்டமையாலேயாம். எனினும், மேற்கோள்களை எண்ணி அவ்வெண்ணால் ஒரு நூலின் தகுதியை வரையறுத்தல் அவர்தம் நெறி அன்று.

அந்நெறி இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. 1927இல் அமெரிக்காவில் கிராஸ் என்னும் பெயருடைய இருவர், வேதியியல் இதழ் ஒன்றில் எடுத்தாளப்பட்ட பிற இதழ்களை எண்ணி, கல்லூரி நூலகம் வாங்கத்தக்கவை எவை எனக் கண்டனர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீர்காழி இரா. அரங்கநாதன், நூலகப் பணியிற் புள்ளியியலைப் பயன்படுத்தும் துறைக்கு 1948இல் ‘லைப்ரமெட்ரி’ எனப் பெயரிட்டார். மேற்கோள் அடைவின் தேவையை 1955இல் எடுத்துரைத்த யூஜின் கார்ஃபீல்டு, 1964இல் அறிவியல் மேற்கோள் அடைவினை வழங்கலானார். 2005இல் ஹிர்ஷ் வகுத்த ‘எச்’ எண், ஓர் ஆராய்ச்சியாளரின் பணி முழுவதையும் ஒற்றை எண்ணில் அடக்கியது. கட்டுரைகளைத் தேடுதற்குப் பிறந்த கருவி, அறிஞரைத் தரம்பிரிக்கும் கோலாயிற்று.

அக்கோலுக்கு எட்டாதது யாது என்பதைப் பெரியகுளம் காட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இவ்வூரில் உளது. முருங்கையைப் போத்து நட்டு வளர்த்தலே முன்பு நம் நாட்டிற் பெருவழக்காய் இருந்தது. விதையினின்று வளர்ந்து ஆறு திங்களளவில் காய்க்கும் செடிமுருங்கை ஒன்றனை இந்நிலையத்தார் தேர்ந்து 1980களின் இறுதியில் வெளியிட்டனர். அதற்கு இட்ட பெயர் ‘பி.கே.எம். 1’. பெரியகுளம் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கமே அவ்வெழுத்துக்கள். இவ்வகை தமிழகத்து வயல்களிற் பரவியதோடு கடல் கடந்து ஆப்பிரிக்க மண்ணினும் வேரூன்றியது. முருங்கையைப் பற்றிய அயல்நாட்டுக் கட்டுரைகள் பலவற்றில் அப்பெயர் காணப்படுகின்றது.

ஆயினும் மேற்கோள் அடைவு கட்டுரையின் இறுதியிலுள்ள நூற்பட்டியலை மட்டுமே எண்ணும். கட்டுரையின் நடுவே விதையின் பெயராக நிற்கும் பெரியகுளம் அவ்வெண்ணில் இடம் பெறாது. அவ்விதையை விதைத்துப் பயன்கொண்ட உழவரும் கட்டுரை எழுதுவோர் அல்லர். ஒரு கண்டுபிடிப்பு பொதுவுடைமை ஆகுந்தோறும் கண்டோர் பெயர் மறையும் என்பதைச் சமூகவியலறிஞர் மெர்ட்டனும் சுட்டியுள்ளார். ‘என்ப’ என்னும் சொல்லின் பின் மறைந்து நிற்கும் ஆசிரியர்கள் நிலையும் அத்தகையதே.

எண்ணப்பட்ட மேற்கோள்களும் ஒரு தன்மையின அல்ல. சேனாவரையர் இளம்பூரணரின் உரையைப் பலவிடத்து எடுத்துக்காட்டுவது மறுத்தற்பொருட்டேயாம். எண்ணுவோனுக்கு மறுப்பும் ஒன்று, உடன்பாடும் ஒன்று. இரண்டனையும் வேறு பிரித்தறிய, உரையைப் படித்தலன்றிப் பிறிது வழியில்லை.

அங்ஙனமாயின் மேற்கோளை எண்ணுதல் பயனற்றதோ எனின், அற்றன்று. ஒரு கருத்து யார் யார் வழியாகச் சென்றது எனத் தடம் காண அது துணைபுரியும். ஆனால், தடம் காட்டுதல் வேறு, தகுதி கூறுதல் வேறு. இதழின் மேற்கோள் அளவினைக் கொண்டு தனியொரு கட்டுரையை மதிப்பிடலாகாது என 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கையும் வற்புறுத்தியது.

பணியமர்த்தம், பதவி உயர்வு, நல்கை ஆகியவற்றில் இவ்வெண்கள் நுழைந்துள்ள இந்நாளில், தமிழாய்வாளர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். மேற்கோளின் வன்மையும் வரம்பும் உரைமரபில் தோய்ந்த நமக்குப் புதியன அல்ல. எண்ணை மறுக்க வேண்டுவதில்லை. எண்ணோடு நூலையும் படித்து, அதன் பயன் விளைந்த நிலத்தையும் கண்டு மதிப்பிடுதலே முறையாகும்.