நாற்பதுக்கு மேல் ஏழாம் படி

'ஐடென்டிட்டி கிரைசிஸ்' என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்த வார்த்தையைப் பரப்பிய எரிக் எரிக்சனுக்கே அது சொந்த அனுபவம். 1902ல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியாது. வளர்த்தவர் பெயரோடு எரிக் ஹோம்பர்கராக வளர்ந்து, 1933ல் அமெரிக்கா போனார். 1939ல் குடியுரிமை பெற்றபோது 'எரிக்சன்' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்! பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே ஹார்வர்டில் பேராசிரியரும் ஆனார்.

ஃப்ராய்ட் வழிவந்தவர்கள் குழந்தைப் பருவத்துக்கே அதிக முக்கியத்துவம் கொடுத்தார்கள். எரிக்சனோ 1950ல் வெளியான புத்தகத்தில், சாகும்வரை வளர்ச்சி உண்டு என்று எட்டுப் படிகள் போட்டார். ஒவ்வொரு படியிலும் ஒரு இழுபறி. கைக்குழந்தைக்கு நம்பிக்கையா, அவநம்பிக்கையா? பதின்வயதில் நான் யார்? முதுமையில் நிறைவா, கசப்பா? அதற்கு முந்தைய ஏழாம் படிதான் நம் வயது. அடுத்த தலைமுறைக்காக எதையாவது வளர்க்கிறோமா, தேங்கிப்போகிறோமா?

1962ல் இதைப் பற்றிய கருத்தரங்குக்காக அகமதாபாத் வந்தவரை, அந்த ஊரின் பழைய கதை ஒன்று பிடித்துக்கொண்டது. 1918ல் நடந்த மில் வேலைநிறுத்தம். பிளேக் போனஸ் நின்றதும் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய்; தொழிலாளர் பக்கம் அவருடைய சொந்த அக்கா அனசூயா! முதலாளிகள் 20 சதவீதம் என்றார்கள், காந்தி 35 என்றார். நாளாக ஆக வீட்டில் அடுப்பு எரியாதவர்கள், "காரில் வந்து போகிறவர்களுக்கு என்ன கஷ்டம்" என்று முணுமுணுத்தார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்தார். மூன்று நாளில் சமரசம். பிறகு வந்த நடுவர் தீர்ப்பும் 35தான்.

அப்போது காந்திக்கு வயது 48. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி மூன்று வருடம்தான். பிழைக்கப் போன இடத்தில் உருவான மனிதர், நடுவயதில் ஒரு ஊரின் தொழிலாளர்களையே தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார். ஏழாம் படிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? 1969ல் எரிக்சன் எழுதிய 'காந்திஸ் ட்ரூத்' மறு வருடம் புலிட்சர் பரிசு வாங்கியது.

ஆனால் அது வெறும் துதிப் புத்தகம் அல்ல. நடுவில், மறைந்துவிட்ட காந்திக்கே நேராக ஒரு கடிதம். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் காட்டிய கடுமையைப் பற்றித் தயங்காமல் கேட்கிறார்.

என் பாஷையில் சொன்னால், ஊர்க் கணக்கும் வீட்டுக் கணக்கும் வேறு வேறு. ஒன்றின் வரவை மற்றதில் காட்ட முடியாது. பிள்ளைகளுக்காகத்தான் ஊரை விட்டு வந்தோம் என்கிறோம். ஃபீஸ் கட்டுகிறோம், ஈஎம்ஐ கட்டுகிறோம். ராத்திரி அவர்களோடு உட்கார்ந்து பேச எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? ஏழாம் படியில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.