பேசியவர்கள் பட்டியல்

2022 ஏப்ரலில் வேலூர் அரசுப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் மேசை, பெஞ்சுகளை உடைக்கிற வீடியோ பரவியது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் வந்தது. கீழே பெரியப்பா ஒரு வரி போட்டிருந்தார்: "இதுக்குத்தான் கடன் வாங்கியாவது பிரைவேட்ல சேக்கணும்ங்கறது." அடுத்த மாதம், ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்களை நீக்கி, டி.சி.யில் காரணத்தையும் எழுதி அனுப்புவோம் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தார்.

டி.சி. என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

நான் திருவண்ணாமலைக்காரன். ஒன்பதாவது வரை மெட்ரிக் பள்ளி, பத்தாவதிலிருந்து அரசுப் பள்ளி. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. வாத்தியார் இல்லாத நேரத்தில் கிளாஸ் லீடர் போர்டில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவான். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

இந்த லீடர் நம்ம ஊர்ச் சரக்குதான். திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து மற்றவர்களைப் படிக்கவைப்பான், காவலும் காப்பான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மாணவரைக் கொண்டே மாணவரை நடத்தும் முறையைத் தன் விடுதியில் அமைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

திண்ணைப் பள்ளிகள் எல்லாமே அன்றைய பிரைவேட் ஸ்கூல்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பெற்றோர் கொடுக்கும் காசும் தானியமும்தான் வாத்தியாரின் பிழைப்பு. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் எடுக்கச் சொன்ன கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அங்கே பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்களா? கையைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனைக்கு ஒரு பெயரே தேவைப்பட்டிருக்கிறது என்றால், சேட்டையும் இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அது கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகளின் சேட்டை. கொடுக்க வழியில்லாதவர்களும் சாதியால் தடுக்கப்பட்டவர்களும் அந்தத் திண்ணையில் ஏறவே இல்லை.

1854 கல்வி அறிக்கைக்குப் பிறகு, தனியார் நடத்த அரசு மானியம் தரும் பள்ளிகள் வந்தன. எங்கள் ஊர் டேனிஷ் மிஷன் பள்ளி அந்த வகைதான். 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்தார்கள். தங்கள் வீட்டையும் பசியையும் தூக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் மெட்ரிக் பள்ளிகள் பெருகின. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் வந்து, 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நடைமுறையானது. பாடப்புத்தகம் ஒன்றாகிவிட்டது. அப்புறம் விற்க என்ன மிச்சம்? இங்கிலீஷும் டிசிப்ளினும்தான்.

அந்த டிசிப்ளின் எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். என் மெட்ரிக் பள்ளியில் 'பேசியவர்கள்' பட்டியல் டைரிக்குப் போகும், டைரியிலிருந்து ஆபீசுக்குப் போகும். 2004-இல் ஒன்பதாவது முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டார்கள். கணக்கில் மார்க் கம்மி, பட்டியலிலும் அடிக்கடி பெயர். "அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம் சார். நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துடுங்க." அப்பா எழுதிக் கொடுத்தார். டி.சி.யில் நடத்தை: நன்று.

அந்தப் பள்ளியின் பதிவேட்டில் இன்றுவரை கெட்ட பையனே கிடையாது. என் வேலையில் இதற்கு ஒரு உவமை உண்டு: ஃபெயிலாகும் டெஸ்ட்டுகளை அழித்துவிட்டு, எல்லாம் பாஸ் என்று ரிப்போர்ட் அனுப்புவது.

2009 கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் வெளியேற்றுவதையும் தடுக்கிறது, தனியார் பள்ளிக்கும் சேர்த்து. ஆனால் வெளியேற்றத் தடை எட்டாவதோடு நிற்கிறது. ஒன்பதாவதில் கதவு அப்படியேதான் திறந்திருக்கிறது.

அந்தக் கதவு வழியாக நான் போய்ச் சேர்ந்த அரசுப் பள்ளியில் அடிதடி இருந்தது. டீச்சரை அழவைத்த பையன்களும் இருந்தார்கள். அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அங்கே என்னைப் போல மெட்ரிக்கிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். பட்டியலில் எங்கள் பெயர் எப்போதும் மேலேதான் இருக்கும்.

கடைசி பெஞ்சில் ஒருத்தன். பௌர்ணமி இரவு முழுக்க கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்றுவிட்டு, மறுநாள் முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவான். மெட்ரிக்கில் இதற்கு ஃபைன் போட்டிருப்பார்கள். ஒருநாள் லீடர் அவன் பெயரையும் எழுதிவைத்திருந்தான். கணக்கு சார் போர்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "அவன் எங்கடா பேசுனான்? தூங்கறான். அழி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திப் பாடம் நடத்தினார்.

வாட்ஸப்பில் நான் எழுதினேன்: "அந்த வீடியோல இருக்கற பசங்க ஒம்பதாவது வரைக்கும் எங்க படிச்சாங்கன்னு விசாரிச்சா தேவல பெரியப்பா."

நீல டிக் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து பெரியப்பா ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பினார். இனிய இரவு வணக்கம்.