கலப்புப் பிரிகேடு

ஸ்பானிய உள்நாட்டுப் போரில் (1936–1939) குடியரசு அரசின் மக்கள் படைக்கு அடிப்படையாக இருந்த அலகு கலப்புப் பிரிகேடு. நான்கு காலாட்படைப் பட்டாலியன்கள். அவற்றோடு பீரங்கி, பொறியாளர், மருத்துவம், சரக்கு வண்டிகள் எல்லாம் ஒரே தளபதியின் கீழ். ஆள் கணக்கு ஏறத்தாழ நாலாயிரம். ‘கலப்பு’ என்ற பெயர் இதனால் வந்ததே தவிர, பல நாட்டார் கலந்திருந்ததால் அல்ல.

1936 ஜூலையில் தளபதிகள் கலகம் செய்தபோது ராணுவத்தின் பெரும்பகுதி அரசின் கையை விட்டுப் போனது. களத்தில் நின்றவை தொழிற்சங்கங்களும் கட்சிகளும் திரட்டிய தொண்டர் படைகள். ஆளுக்கொரு கொடி. தாக்கலாமா வேண்டாமா என்று கூடிப் பேசி முடிவெடுத்த படைகளும் உண்டு. வீரத்துக்குக் குறைவில்லைதான். ஆனால் மொராக்கோவிலிருந்து வந்த, கலகத் தளபதி பிராங்கோவின் தேர்ந்த துருப்புகள் நவம்பர் தொடக்கத்தில் மாட்ரிட் வாசலுக்கே வந்துவிட்டன.

அதற்குச் சற்று முன், அக்டோபரில், அரசு முதல் ஆறு பிரிகேடுகளை அமைத்தது. முதலாவதற்குத் தளபதி என்ரிக்கே லிஸ்டர். கல்குவாரியில் வேலை பார்த்த கம்யூனிஸ்ட். கொத்தனாரான சிப்ரியானோ மேராவோ அதிகாரம் எதையும் ஏற்காத அரசின்மைவாதி. அவரும் கடைசியில் ராணுவக் கட்டுப்பாட்டை ஏற்றார். 1937 மார்ச்சில் குவாடலஹாராவில் முசோலினியின் படை தோற்று ஓடியபோது இருவரும் ஆளுக்கொரு டிவிஷனை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஏட்டில் பிரிகேடு தன்னிறைவானது. களத்தில் அதற்குப் பீரங்கியும் கிடைக்கவில்லை, பயிற்சி பெற்ற அதிகாரிகளும் போதவில்லை. பிராங்கோவுக்கு ஜெர்மனியும் இத்தாலியும் தாராளமாக அள்ளிக்கொடுக்க, பிரிட்டனும் பிரான்ஸும் ‘தலையிடாமை’ என்று ஒதுங்கிக்கொண்டன. குடியரசு பெரும்பாலும் சோவியத் ஆயுதங்களை நம்பியிருந்தது. பிரிகேடுகளின் வரிசை எண் மட்டும் இருநூறைத் தாண்டியது.

அந்த வரிசையில் 11 முதல் 15 வரை, வெளிநாட்டுத் தொண்டர்கள் சேர்ந்த சர்வதேசப் பிரிகேடுகள். பதினைந்தாவதில் இருந்த பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு, பம்பாயில் பிறந்து லண்டனில் எம்.பி. ஆன சாபுர்ஜி சக்லத்வாலாவின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1937 பிப்ரவரியில் ஹராமாவில் சுமார் 600 பேருடன் இறங்கிய அந்தப் பட்டாலியனில், முதல் நாள் மாலை போரிடும் நிலையில் பாதிப் பேர்கூட இல்லை.

இந்தியர் சிலரும் போனார்கள். நாகபுரிக்காரரான கோபால் முகுந்த் ஹுத்தார் ஆர்.எஸ்.எஸ்.ஸின் தொடக்க காலப் பொதுச் செயலாளர். லண்டனுக்குப் படிக்கப் போனவர், ‘ஜான் ஸ்மித்’ என்ற பெயரில் சர்வதேசப் பிரிகேடில் சேர்ந்தார். 1938 ஏப்ரலில் கந்தேசாவில் பிடிபட்டு, சான் பெத்ரோ தெ கார்தெஞா என்ற பழைய மடாலயத்தில் கைதியாக இருந்து, ஆண்டு முடிவதற்குள் விடுதலையானார். நாடு திரும்பியபின் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். மருத்துவப் பணிக்குப் போன டாக்டர் அடல், அதே 1938இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

அவ்வாண்டு ஜூனில் ஜவஹர்லால் நேரு பார்சிலோனா வந்தார். உடன் வந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன். குண்டுவீச்சுக்கு நடுவே இருவரும் லிஸ்டரைச் சந்தித்தார்கள்.

ஜூலையில் தொடங்கிய எப்ரோ நதிச் சண்டை பிரிகேடுகளை உலுக்கிவிட்டது. அது முடியுமுன்பே, அக்டோபர் 28 அன்று, பார்சிலோனா வீதிகளில் சர்வதேச வீரர்களுக்கு வழியனுப்பு அணிவகுப்பு நடந்தது. மிஞ்சிய ஸ்பானியப் பிரிகேடுகள் 1939 மார்ச்சில் மாட்ரிட்டில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன: சரணடையப் பேசலாம் என்ற கர்னல் கசாடோவின் பக்கம் மேராவின் படை, எதிரே கம்யூனிஸ்ட் பிரிவுகள். அம்மாத இறுதியில் நகரம் பிராங்கோவிடம் வீழ்ந்தது. லிஸ்டர் சோவியத் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மேரா மரண தண்டனையிலிருந்து தப்பி, பாரிஸில் மறுபடி கொத்துக் கரண்டியைப் பிடித்தார்.