எல்லையும் தண்டவாளமும்: காரைக்காலில் சொந்த லாரித் தொழில் உருவான விதம்

காரைக்கால் துறைமுகம் இருக்கும் கீழவாஞ்சூரிலிருந்து தமிழ்நாட்டின் நாகூர் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்குச் சரக்கு ஏற்றும் லாரியும் சட்டப்படி மாநிலம் விட்டு மாநிலம் போகிறது. மூன்று பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல் என்று அமைந்த, புதுச்சேரியைச் சேர்ந்த இந்த ஊரில் சொந்த லாரிக்காரரின் பிழைப்பு எல்லையையும் தண்டவாளத்தையும் சார்ந்தே இருந்து வந்திருக்கிறது. டீசல் விலையை மட்டும் வைத்து அவருடைய நெருக்கடியை விளக்கிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சு ஆட்சியில் டெல்டாவின் நெல்லும் அரிசியும் பார வண்டிகளில் துறைக்கு வந்தன. 1898இல் பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 23.5 கி.மீ. நீள மீட்டர் பாதை திறக்கப்பட்டது. பிரெஞ்சு மண்ணுக்குள் நுழைந்த அந்தப் பாதையில் ரயில்களை இயக்கியது தென்னிந்திய ரயில்வே. வண்டிக்காரர்களின் தொலைவழி வேலை அத்தோடு சுருங்கியது. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவுடன் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949இல் முடிவுக்கு வந்ததும், எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு மூட்டையும் சோதனைக்குள்ளானது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியபோது சுங்க எல்லை மறைந்தது. லாரி பர்மிட்டுக்கான எல்லை மட்டும் தொடர்ந்தது. லாரிக்காரரைப் பொறுத்தவரை எல்லை இடம் மாறவில்லை, பெயர்தான் மாறியது.

1980களின் இறுதியில் பேரளம் பாதை மூடப்பட்டது. காரைக்காலின் இன்றைய லாரித் தொழிலின் தொடக்கத்தை இங்கேதான் வைக்க வேண்டும். ரயில் விட்டுப்போன சரக்கு சாலைக்கு வந்தது. தவணைக் கடனில் பழைய லாரி வாங்கித் தானே ஓட்டுபவருக்கு ஓட்டுநர் சம்பளமும் பேட்டாவும் மிச்சம். ஆனால் அவருடைய லாபம் போகும் லோடில் இல்லை, திரும்பும் லோடில் இருக்கிறது. காரைக்காலுக்குக் கிழக்கே கடல். அந்தப் பக்கம் தாண்டிப் போக வேறு சந்தை கிடையாது. அறுவடைக் காலத்தில் நெல் லோடு உண்டு, மற்ற மாதங்களில் ரிட்டர்ன் லோடுக்காகப் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு யாரும் வாடகை தருவதில்லை, தவணை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும். எல்லையால் அவர் கண்ட பெரிய ஆதாயம், புதுச்சேரியின் குறைந்த வரியால் மலிவான டீசல். இதற்காகவே தமிழ்நாட்டு லாரிகளும் எல்லையோரப் பெட்ரோல் பங்க்குகளில் நிற்கின்றன. ஆகவே அந்த ஆதாயம் போட்டியாளருக்கும் போய்விடுகிறது.

2009இல் தனியார் துறைமுகம் செயல்படத் தொடங்கியதும் நிலக்கரி, உரம் என்று சரக்கு குவிந்தது. லாரிக்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்ததாகவே தோன்றியிருக்கும். ஆனால் 2011 இறுதியில் நாகூர்–காரைக்கால் அகலப்பாதை வந்தது. ஆயிரக்கணக்கான டன்னை ஒரே ரயில் இழுக்கும்போது தொலைதூர நிலக்கரியில் லாரி போட்டியிட முடியாது. எஞ்சியது குறுந்தூர ஓட்டம். அதிலும் இறக்குமதியே மிகுதி என்பதால் லாரி வெளியே நிறைந்து போய், உள்ளே வெறுமையாகத் திரும்புகிறது. 1898இல் வண்டிக்காரருக்கு நேர்ந்தது 113 ஆண்டுகள் கழித்து லாரிக்காரருக்கு நேர்ந்தது.

மேலிருந்து வந்த மாற்றங்களும் இந்த ஊரில் வேறு விதமாக விழுந்தன. 2010இல் நேஷனல் பர்மிட் எளிதானது உண்மையிலேயே உதவியது. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் கடக்கும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயமானபோது, பக்கத்து ஊர் லோடுக்கும் அது தேவைப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. சரக்கு கூடாமல் ஒரு லாரி ஏற்றும் அளவு மட்டும் கூடினால், லாரிகளுக்குத்தான் வேலை குறையும். ஒரே லாரியை நம்பியிருப்பவர் இதை முதலில் உணர்கிறார்.

திவால் நடவடிக்கைக்குப் பின் 2023இல் துறைமுகம் அதானி குழுமத்திடம் போனது. பேரளம் பாதையும் அகலப்பாதையாக மீண்டும் போடப்பட்டிருக்கிறது. அதில் சரக்கு ரயில்கள் ஓடும்போது துறைமுகச் சரக்கு நாகூரைச் சுற்றாமல் நேரே மயிலாடுதுறைப் பக்கம் போகும். அந்த வழியில் இன்று லோடு அடிக்கும் சொந்த லாரிக்காரர்களுக்கு எந்தச் சரக்கு மிஞ்சும் என்பதைத் துறைமுகமும் ரயில்வேயும் இப்போதே அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.