செம்பவாங்கில் ஒரு லேண்ட் குரூஸர்

மாமாவின் லேண்ட் குரூஸர் பதிவானது 1996 அக்டோபரில். செம்பவாங்குக்கு எம்ஆர்டி ரயில் வந்ததும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். எட்டு மாத இடைவெளியில் இந்தப் பேட்டைக்கு வந்த இரண்டும் இன்னும் ஓடுகின்றன. ரயிலிடம் யாரும் வயது கேட்பதில்லை. மாமாவின் வண்டியிடம் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிறார்கள். 2006இல் கேட்டார்கள், மாமா பணம் கட்டினார். 2016இல் கேட்டார்கள், முனகிக்கொண்டே கட்டினார். 2026 அக்டோபரில் மூன்றாவது முறை.

"கணக்கு போட்டுச் சொல்லு தம்பி, நீதான் படிச்சவன்" என்று என்னிடம் ஒரு தாளை நீட்டினார். போட்டேன். போடப்போட அது வெறும் வண்டிக் கணக்காக இல்லை. எங்கள் குடும்பம் இந்தப் பேட்டைக்கு வந்த கதையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

தாத்தாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் கடற்படைத் தளத்தில் டிரைவர். செம்பவாங் என்று நாம் இன்று சொல்வதை அவர் கடைசிவரை 'நேவல் பேஸ்' என்றுதான் சொன்னார். இங்கே தளம் கட்டுவதென்று பிரிட்டன் 1920களின் தொடக்கத்தில் முடிவெடுத்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சரியாக நான்கு ஆண்டுகளில் ஜப்பானியர் கைக்குப் போனது, போர் முடிந்ததும் திரும்பி வந்தது. தளத்துக்குள் வேலை செய்தவர்களில் மலையாளிகள் ஏராளம், தமிழர்களும் நிறைய. கேன்பரா, வெல்லிங்டன், மான்ட்ரியல், ஜிப்ரால்டர் என்று சாம்ராஜ்யத்தின் ஊர்ப் பெயர்களைச் சாலைகளுக்கு வைத்தவர்கள் கறுப்பு வெள்ளை பங்களாக்களில் இருந்தார்கள். அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டியவர்கள் லைன் வீடுகளில்.

தாத்தா ஓட்டியது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி அது. அதே ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ரப்பர்த் தோட்டத்து மண்சாலை, மழை, காடு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் என்று இங்கே இருந்த நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் வந்து சேர்ந்தது. அதன் உடம்பு அலுமினியக் கலவை. இதில் பெரிய தொலைநோக்கெல்லாம் கிடையாது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் உருக்குக்குப் பங்கீடு இருந்தது, அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. பஞ்சத்துக்குச் செய்த சமையல் பிறகு ஊர்ப் பலகாரமாவதில்லையா, அதுபோல. அலுமினியம் துருப்பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் சட்டம் உருக்கு. இரண்டும் உரசும் இடத்தில், அதுவும் உப்புக் காற்று வீசும் கடலோரத்தில், அரிப்பு ஏறும். தாத்தா ஒவ்வொரு நாளும் கடைசியாகச் செய்தது வண்டியின் அடிவயிற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவுவது என்று மாமா சொல்வார்.

வீட்டில் அந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் தாத்தா 'துரை வண்டி' என்பார். ஒருநாளும் 'என் வண்டி' என்று சொன்னதில்லை. இத்தனைக்கும் அதன் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும், துரைக்குத் தெரியாது.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. சிங்கப்பூரின் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் தளங்களின் செலவை நம்பியிருந்த காலம். பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறியவர்கள் பலர். கப்பல் பட்டறை முழுவதும், உலர்துறையும் பளுதூக்கிகளும் சேர்த்து, பெயரளவுக்கு ஒரே ஒரு வெள்ளிக்குச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அது செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. தாத்தா போகவில்லை, அங்கேயே லாரி ஓட்டினார். இந்த ஒரு வெள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

லேண்ட் ரோவர் துரைமாரோடு போய்விடவில்லை. 1967இல் தேசிய சேவை வந்த பிறகு இந்த நாட்டில் சீருடை அணிந்த பையன்களுக்கு 'ரோவர்' என்பது ஒரு பொதுப்பெயர். ஆனால் உலகத்தின் மற்ற இடங்களில் டொயோட்டா அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1951இல் ஜீப்பைப் பார்த்துச் செய்யப்பட்டு, 1954இல் லேண்ட் குரூஸர் என்று பெயர் சூட்டப்பட்ட வண்டி, ஆஸ்திரேலியப் பாலையிலும் ஆப்பிரிக்காவிலும் லேண்ட் ரோவரைப் பின்னுக்குத் தள்ளியது. காரணம் எளிமையானது: போனால் திரும்பி வந்தது. 1990இல் வந்த 80 வரிசையைத்தான் பலரும் அதன் உச்சம் என்பார்கள். முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு பக்கமும் சுருள்வில், பெட்ரோல் வண்டியில் 4.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், எடை இரண்டு டன்னுக்கு மேல். மாமாவுடையது அதுதான்.

கட்டுமானத் துணை ஒப்பந்தம் எடுத்து நாலு காசு பார்த்த நேரத்தில் மாமா இரண்டாவது கையாக வாங்கியது. பென்ஸ் வாங்கியிருக்கலாம். "அப்பா ஓட்டின மாதிரி உசரமா உட்கார்ந்து ஓட்டணும்" என்றார். காட்டைப் பார்க்காத தீவில் காட்டு வண்டி. கிழக்கிலிருந்து மேற்கு ஐம்பது கிலோமீட்டர்தான், எல்லாம் தார் ரோடு. இந்தக் கேலியை அவர் எல்லா வகையிலும் கேட்டாயிற்று. 'மாமா, லிட்டில் இந்தியாவுல பார்க்கிங் தேடறதுக்கா ஃபோர் வீல் டிரைவ்?' என்று நானே கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் இந்த வண்டிக்கு இடம் தேடிப் பாருங்கள், கேள்வியின் நியாயம் புரியும்.

இப்போது கணக்கு.

பழைய பெரிய வண்டியைப் பராமரிப்பது மற்ற ஊர்களில் இரும்போடு செய்யும் சண்டை. இந்த வண்டியின் முன் அச்சில், சக்கரம் திரும்பும் இடத்தில், இரு பக்கமும் உருண்டையாக ஒரு கூடு இருக்கும். உள்ளே கிரீஸ். அச்சுக்குள் இருக்கும் சீல் தேய்ந்தால் எண்ணெய் அந்தக் கூட்டுக்குள் வந்து, கிரீஸைக் கரைத்து, கறுப்புக் கஞ்சியாக வெளியே ஒழுகும். கழற்றி, கழுவி, பேரிங் பார்த்து, புது சீல் போட்டு, புது கிரீஸ் அடைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை, கையெல்லாம் நாறும். ஆனால் முடியும் வேலை. எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஹீட்டர் ஹோஸ் வெடித்தால் தண்ணீர் போய் எஞ்சின் சூடேறிச் சாகும். சிங்கப்பூரில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்? ஆனாலும் ஹோஸ் இருக்கிறது, பார்க்கத்தான் வேண்டும். சின் மிங்கில் மாமாவின் வண்டியைப் பார்க்கும் சீனப் பெரியவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். கிடைக்காத சாமானுக்கு ஜொகூர் பாரு இருக்கிறது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய வண்டிகள் குவிந்துகிடக்கும் ஹாஃப் கட் கடைகளில் கதவுக் கைப்பிடி முதல் கியர்பாக்ஸ் வரை எடுக்கலாம். இதெல்லாம் செலவு, ஆனால் அச்சமில்லை.

அச்சம் தாளில் இருக்கிறது. சிங்கப்பூர் 1960களின் கடைசியிலேயே கூடுதல் பதிவுக் கட்டணம் வைத்தது. 1975இல் நகர மையத்துக்குள் காலையில் நுழைய மூன்று வெள்ளி உரிமச் சீட்டு வாங்கச் சொன்னது. பழைய வண்டியைச் சீக்கிரம் அழித்தால் சலுகை என்ற ஏற்பாடும் அதே ஆண்டில் வந்தது. 1990 மே மாதம் சிஓஇ. தமிழில் வாகன உரிமைச் சான்றிதழ் என்கிறோம். இந்த மொழிபெயர்ப்பு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறது. அது உரிமைதான், உடைமை இல்லை. ஏலத்தில் எடுத்து, பத்து ஆண்டு சாலையில் வண்டி வைத்துக்கொள்ளும் உரிமை. தீர்ந்ததும் வண்டியை அழிக்க வேண்டும், அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் கடைசி மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி இன்னொரு பத்து ஆண்டு வாங்கலாம். அப்படி வாங்கினால், பத்து ஆண்டுக்குள் அழித்திருந்தால் திரும்பக் கிடைத்திருக்கும் கட்டணப் பங்கு போய்விடும்.

அந்த ஏலம் எப்படிப்பட்டது என்றால், 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் இரண்டு வெள்ளிக்குப் போனது. அச்சுப்பிழை இல்லை, இரண்டு வெள்ளி. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கானது 150,001 வெள்ளி. பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது, 2025இல் ஒரு லட்சத்துக்கு மேலேயே நின்றது. ஒரு கப்பல் பட்டறையே ஒரு வெள்ளிக்குக் கைமாறிய பேட்டையில், அதன் வாசலில் வண்டி நிறுத்தும் உரிமைக்கு லட்சத்துக்கு மேல். இரண்டும் ஒரே வகை வெள்ளி இல்லைதான். முதலாவது சடங்குக்கு, இரண்டாவது நிஜம். இருந்தாலும் தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அதோடு விடாது. சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. மாமாவின் 4.5 லிட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 4,700 வெள்ளி. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏற்றி, பதினான்கைத் தாண்டியதும் ஐம்பது விழுக்காட்டில் நிறுத்துவார்கள். ஆக 7,000க்கு மேல். பரிசோதனை ஆண்டுதோறும். ஐந்து ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்தால் பாதிப் பணம், ஆனால் அதன்பின் புதுப்பிக்க முடியாது. 35 வயதானால் பழம்பெரும் வண்டித் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம் என்று சொன்னேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு நாளா? அது வண்டி இல்லடா, தீபாவளிக்கு வர்ற மருமகன்."

இந்தச் சட்டத்தைத் திட்டுவது சுலபம், ஆனால் நான் முழுதாகத் திட்டமாட்டேன். நிலத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்ட தீவு இது. ஜகார்த்தாவிலோ பெங்களூரிலோ மாலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்கு இந்த ஏலத்தின் அருமை தெரியும். நான் ரயிலில் போகிறவன், அந்த ஏலப் பணத்தின் நிழலில் உட்கார்ந்திருப்பவன். டெல்லியிலும் டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று வயது வரம்பு வந்தது, காரணம் புகை. இங்கே காரணம் இடம். வண்டி நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இரண்டிலும் பின்னால் போய்விடுகிறது. எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான். பழுதுபார்த்துப் பழுதுபார்த்துக் காலம் முழுக்க ஓட்டலாம் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட பொருளுக்கு, பழுது பார்ப்பவனின் திறமை இங்கே ஒரு பொருட்டே இல்லை. தாத்தாவின் கைத்திறமைக்கு அவருடைய காலத்திலும் சொந்தம் இல்லை.

பாலத்தைத் தாண்டினால் வேறு உலகம். இரண்டு ஆண்டுக்கு முன் மாமாவோடு கேமரன் மலைக்குப் போனேன். 1991லிருந்து, எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும். இந்த வண்டியின் டேங்க் 95 லிட்டர். எழுபத்தொரு லிட்டர் சுமந்துகொண்டு, மற்றவன் மலிவு விலையைப் பார்க்கப் போகும் ஒரே ஆள் நான்தான் என்று மாமா பம்ப்பில் அங்கலாய்த்தார். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு மலையேறினோம். ரிங்லெட் தாண்டியதும் வர ஆரம்பித்தன, லேண்ட் ரோவர்கள். ஒன்றிரண்டல்ல. கதவு நசுங்கியவை, ஒரு விளக்கு மட்டும் எரிபவை, கூரையே இல்லாதவை. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதையில் ஏறி இறங்கின. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். மாமா இறங்கிப் போய்விட்டார்.

"எத்தன வருஷ வண்டிண்ணே?"

"எங்கப்பா ஓட்டுனது. யாரு கணக்கு வச்சா?"

மாமா திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. தானா ராத்தா வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் கணக்குத் தாளைக் கொடுத்தேன். கூட்டுத்தொகையை விரலால் தடவினார், கீழே இன்னொரு கோடு போட்டிருக்கிறேனா என்று பார்ப்பதுபோல. பிறகு நாலாக மடித்து, முன் பெட்டிக்குள் 2006, 2016 ரசீதுகளோடு வைத்து மூடினார். கட்டப்போகிறாரா, சுங்கை கடூட் பழைய இரும்புக்காரர்களைக் கூப்பிடப்போகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கீழே குனிந்து முன் சக்கரத்துக்கு உள்பக்கம் விரல் விட்டு எடுத்தார். கறுப்பாக இருந்தது.

"இடது பக்கம் சீல் போயிருக்கு. சனிக்கிழமை வர்றியா, நம்ம வண்டிய ஏத்தணும்."

வருகிறேன் என்றேன்.