வானலைக்கு வரப்புக் கட்டிய வரலாறு

கிளைடர் எனப்படும் மிதவை விமானத்துக்கு இயந்திரம் இல்லை. குன்றின் மீது மோதி மேலெழும் காற்றும், வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றுமே அதனைத் தாங்குவன. அதன் மாதிரியாகச் செய்யப்படும் சிறு விமானத்தில் ஆள் ஏறுவதில்லை. தரையில் நிற்பவரின் கையிலுள்ள ஒரு பெட்டியே அதற்குக் கடிவாளம். அப்பெட்டிக்கும் விமானத்துக்கும் இடையே கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வானொலி அலை ஒன்றே உண்டு. அதே அலையில் மற்றொருவர் தம் பெட்டியை இயக்கிவிட்டால் விமானம் எவருக்கும் கட்டுப்படாது. பல மாத உழைப்பு சில நொடிகளில் தரையில் விழுந்து நொறுங்கும். கீழே ஆள் நின்றால் அவருக்கும் ஆபத்து.

ஓர் உறையில் இரு வாள் இருக்க இயலாது என்பது பழமொழி. ஆயினும், வானம் என்னும் ஓர் உறையில் இன்று கோடிக்கணக்கான வாள்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றன. இது எவ்வாறு இயன்றது என்பதே ஒரு வரலாறு.

பழைய தோட்டப் பள்ளிகளைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தடுப்புச் சுவர் இல்லாத ஒரே கூடத்தில் ஒரு மூலையில் வாய்பாடு ஒலிக்கும். மறு மூலையில் செய்யுள் ஒலிக்கும். நடுவில் ஒரு வகுப்பு கதை கேட்டுக்கொண்டிருக்கும். அங்கே குழப்பம் நேராதிருக்க மூன்று வழிகள் இருந்தன. ஆசிரியர்களின் குரல் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பது முதல் வழி. நேரமும் இடமும் வகுத்துக்கொள்வது இரண்டாம் வழி. மாணவனைப் பெயர் சொல்லி அழைப்பது மூன்றாம் வழி. வானலையின் வரலாறும் இம்மூன்று படிகளைக் கடந்தே வந்திருக்கின்றது.

கல்கத்தாவில் ஒலித்த மணி

கம்பியின்றித் தொலைவிலுள்ள பொருளை இயக்கலாம் என்பதை இந்திய மண்ணில் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். 1895ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில், சுவருக்கு அப்பால் ஏறத்தாழ 75 அடித் தொலைவிலிருந்த மணியை மின்காந்த அலையால் ஒலிக்கச் செய்தார். சிறிதளவு வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அவர் ஆண்ட அலைகள் மிகக் குறுகியவை. அவற்றின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கத் தக்கது.

1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, அதனைத் தொடாமலே திருப்பிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அவருக்கு அதற்கான காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றைய மாதிரி விமானம், மாதிரிக் கப்பல் ஆகிய எல்லாவற்றுக்கும் மூதாதை அப்படகே.

அக்காலத்து அலைவாங்கிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அருகில் எவர் மின்பொறி எழுப்பினாலும் அவை மறுமொழி கொடுத்தன. தன் எசமானன் யார் என்று அவற்றுக்குத் தெரியாது. டெஸ்லா இக்குறையை நன்கு உணர்ந்திருந்தார். இரு வேறு அலைகள் ஒருங்கே வந்தாலன்றிக் கருவி இயங்காதபடி ஓர் ஏற்பாட்டை வகுத்து, 1903இல் அதற்கும் காப்புரிமை பெற்றார். இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டுப் போன்றது அது. தொலைவிலிருந்து இயக்கும் கலை பிறந்தபோதே, பிறர் குறுக்கிடுவாரே என்ற கவலையும் உடன் பிறந்துவிட்டது.

சுருதி சேர்த்தல்

முதல் வழி, குரலை வேறுபடுத்துவது. வானொலியில் குரலின் வேறுபாடு என்பது அதிர்வெண்ணின் வேறுபாடு. ஒரு நொடியில் அலை எத்தனை முறை அதிர்கின்றது என்பதே அதிர்வெண். அலை நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கின்றது. அவ்வேகத்தை அலையின் நீளத்தால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். ஆகவே, நீண்ட அலைக்கு அதிர்வெண் குறைவு. குறுகிய அலைக்கு அதிகம். வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போல, அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே அதிர்வெண்ணுக்குச் சேர்க்கும் முறைக்கு மார்க்கோனி 1900இல் காப்புரிமை பெற்றார். 7777 என்ற அதன் எண் வானொலி வரலாற்றில் புகழ் பெற்றது.

சுருதி சேர்த்தால் போதும், எவரும் குறுக்கிட இயலாது என்று கருதப்பட்டது. அந்த நம்பிக்கை 1903 ஜூன் மாதம் இலண்டனில் குலைந்தது. அரசக் கழகத்தில் பேராசிரியர் பிளெமிங், மார்க்கோனியின் முறையை விளக்கிச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். கார்ன்வால் பகுதியிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்திக்காக அவையில் கருவி காத்திருந்தது. அதற்குள் அக்கருவி தானாகவே எழுத்துகளை எழுதத் தொடங்கிற்று. நெவில் மாஸ்கலின் என்னும் செப்படி வித்தைக்காரர் அருகிலிருந்தே ஓர் அலையை எழுப்பி, கேலிச் சொற்களை அனுப்பிக்கொண்டிருந்தார்! பிளெமிங் சினங்கொண்டார். ஆனால், குரல் வேறுபாடு மட்டும் காவலாகாது என்ற பாடத்தை அந்தக் குறும்பு உலகுக்குக் கற்பித்தது.

கடலில் கற்ற பாடம்

இரண்டாம் வழி, முறை வகுத்துக்கொள்வது. 1906இல் பெர்லின் நகரில் பல நாடுகள் கூடிக் கம்பியில்லாத் தந்திக்குப் பொது விதிகளை எழுதின. ஆனால், அம்முறை உறுதிப்பட ஒரு பெருந்துயரம் வேண்டியிருந்தது.

1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, கலிபோர்னியன் என்னும் கப்பல் பனிப்பாறைகளுக்கு இடையே நின்றுவிட்டது. அச்செய்தியை அதன் தந்தியாளர் டைட்டானிக் கப்பலுக்கு அறிவிக்க முயன்றார். கப்பல்கள் அண்மையில் இருந்தமையால் அவருடைய அலை மிக உரத்து விழுந்தது. தொலைவிலுள்ள கரை நிலையத்துக்குப் பயணிகளின் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக்கின் தந்தியாளர், குறுக்கிட வேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டார். சிறிது நேரத்தில் கலிபோர்னியன் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிமலையில் மோதியது. அதன் அபயக் குரலைக் கேட்க அக்கப்பலில் எவரும் விழித்திருக்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். ஒரே பாதையில் எது முந்த வேண்டும், எது பொறுத்திருக்க வேண்டும் என்ற முறை உறுதியாக இல்லாததன் விலை அந்த இரவில் தெரிந்தது.

அதே ஆண்டு அமெரிக்கா சட்டம் இயற்றி, அலைபரப்புவோர் உரிமம் பெற வேண்டும் என்றது. ஆர்வலர்களுக்கு 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளே விடப்பட்டன. பயனற்றவை என்று கருதப்பட்ட அச்சிற்றலைகள் கடல் கடந்து உலகைச் சுற்றும் வல்லமை உடையவை என்பதைப் பின்னர் அந்த ஆர்வலர்களே கண்டு உரைத்தனர். 1927இல் வாஷிங்டன் மாநாடு கப்பலுக்கு இது, ஒலிபரப்புக்கு இது, ஆர்வலர்க்கு இது என்று வானலையைப் பாத்தி பிரித்தது. வயலுக்கு வரப்புக் கட்டுவது போல வானத்துக்கும் வரப்புக் கட்டப்பட்டது.

பெட்டாலிங் குன்றின் குரல்

மலாயாவில் வானொலியை வளர்த்தவர்களும் முதலில் ஆர்வலர்களே. 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ. எல். பிர்ச் என்பவர் வானொலிக் கருவியை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் அமைத்த ஜொகூர்ச் சங்கம் 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பிற்று. பினாங்கிலும் அத்தகைய சங்கம் தோன்றியது. கோலாலம்பூரில் அமைந்த மலாயா வானொலிச் சங்கம் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டர் அலையில் ஒலிபரப்பியது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து கிள்ளான் ஆற்றைக் கடந்தால் அக்குன்றை அடையலாம். தமிழ்நாட்டிலும் வரலாறு இவ்வாறே. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதுவும் ஆர்வலர்களின் பணியே.

300 மீட்டர், 325 மீட்டர் என்ற இரண்டு எண்களும் மாணவர்களுக்கு ஒரு நல்ல கணக்காகும். முன் சொன்னபடி வகுத்தால், 300 மீட்டருக்கு அதிர்வெண் 1,000 கிலோஹெர்ட்ஸ். 325 மீட்டருக்கு ஏறத்தாழ 923 கிலோஹெர்ட்ஸ். இடைவெளி 77 கிலோஹெர்ட்ஸ். ஜொகூரும் கோலாலம்பூரும் ஒரே வேளையில் பேசினாலும், கேட்பவர் குமிழைத் திருப்பி ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கேட்க அந்த இடைவெளி போதுமானது. இரண்டும் ஒரே அலையில் நின்றிருந்தால், நடுத்தர அலைகள் வெகுதொலைவு செல்லும் இரவு வேளையில் ஒன்று மற்றொன்றைக் கெடுத்திருக்கும். 25 மீட்டர் என்ற சிறு வேறுபாடே இரு குரல்களையும் வாழ வைக்கும் வரப்பு.

கவ்வியும் கொடியும்

மாதிரி விமானம் வானொலிக்குக் கட்டுப்பட்டதும் இக்காலத்திலேதான். அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் 1937இல், 8 அடி இறக்கை கொண்ட தம் மாதிரி விமானத்தை வானொலி அலையால் இயக்கிப் பறக்கவிட்டனர். அந்நாளில் இது வானொலி உரிமம் பெற்ற சிலருக்கே இயன்ற கலை. 1950களில் அமெரிக்கா 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இதற்கு இடம் தந்த பின்னர் பலரும் இதில் இறங்கினர்.

அப்பட்டையில் 26.995 முதல் 27.255 வரை ஆறு பாதைகள். பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பறக்கவிடுபவர் தம் பாதைக்குரிய நிறக் கொடியைப் பெட்டியின் ஏரியலில் கட்டிக்கொள்வார். மைதானத்தில் ஒரு நிறக் கொடி பறந்தால், அந்நிறத்தார் மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். ஆயினும் 27 மெகாஹெர்ட்ஸ் அமைதியான இடமன்று. ஆலைகளிலும் மருத்துவத்திலும் வெப்பமூட்டும் மின்கருவிகள் அங்கேயே இயங்கின. 1970களில் அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் முதலானோர் உரையாடும் வானொலிகளும் அங்கே பெருகின. ஆகவே, மாதிரி விமானங்களுக்கென அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலும் பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலும் தனிப்பாதைகள் வகுக்கப்பட்டன.

தனிப்பாதை கிடைத்தும் கவலை தீரவில்லை. வெளியார் வராவிடினும் உடன் பறப்பவரே ஒரே பாதையில் வரக்கூடும் அல்லவா? அதற்குச் சங்கங்கள் கண்ட தீர்வு மிக எளியது: துணி உலர்த்தும் கவ்வி. மைதானத்தில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு பாதைக்கும் எண் எழுதிய ஒரே ஒரு கவ்வி. அதனை எடுத்துத் தம் பெட்டியில் மாட்டிக்கொண்டவரே சுவிட்சைத் தொடலாம். பறந்து முடிந்ததும் கவ்வியைப் பலகையில் திரும்ப மாட்ட வேண்டும். காவலர் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை. கவ்வி எடுக்காமல் ஒருவர் ஒரு நொடி சுவிட்சைப் போட்டாலும் அடுத்தவரின் விமானம் விழும். பிறன் பொருளைத் தன் பொருள் போல் பேண வேண்டும் என்ற அறத்தை நூலில் படிக்காமல் கையால் பழகிய இடம் அது.

பெயர் சொல்லி அழைத்தல்

மூன்றாம் வழியின் விதை இரண்டாம் உலகப் போரில் விழுந்தது. நடிகை ஹெடி லமார், இசைஞர் ஜார்ஜ் ஆண்டைல் ஆகிய இருவரும் நீர்மூழ்கிக் குண்டினை வானொலியால் செலுத்த ஒரு முறையை வகுத்து, 1942 ஆகஸ்டு 11ஆம் நாள் காப்புரிமை பெற்றனர். அனுப்பியும் வாங்கியும் ஒரே அலையில் நிற்காமல், முன்பே பேசிவைத்த வரிசைப்படி அலை விட்டு அலை தாவ வேண்டும் என்பது அவர்களின் கருத்து. தாமே வாசிக்கும் பியானோக்களில் துளையிட்ட காகிதச் சுருளைக் கண்டு அவர்கள் இதனை எண்ணினர். பியானோவின் கட்டைகள் 88. அவர்கள் கூறிய அலைகளும் 88. எதிரி ஓர் அலையைக் கெடுத்தாலும் குண்டு அதற்குள் வேறு அலைக்குச் சென்றிருக்கும். அப்போரில் எவரும் அதனைப் பயன்படுத்தவில்லை.

1985இல் அமெரிக்கா 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட பட்டைகளில் இத்தகைய பரவல் முறைகளைத் தனி உரிமமின்றிக் கையாள இடமளித்தது. 2000களின் நடுப்பகுதியில் மாதிரி விமானங்களும் அப்பட்டைக்கு வந்தன. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதனால், நீண்ட ஏரியல் விரலளவாகச் சுருங்கிற்று. போஸ் ஆண்ட சிற்றலைகளின் திசையிலேயே, ஒரு நூற்றாண்டு கழித்து இக்கலை திரும்பியது.

புதிய முறையில் பெட்டியும் விமானமும் முதலில் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணைத் தாங்கி வரும் கட்டளைக்கே விமானம் பணியும். பலர் ஒரே வேளையில் பறக்கவிட்டாலும், ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்த மாணவன் மட்டும் எழுந்து நிற்பது போல அவரவர் விமானம் அவரவர்க்குக் கட்டுப்படுகின்றது. கவ்விப் பலகைக்கு வேலை குறைந்தது.

இதனால் குறுக்கீடு அறவே ஒழிந்துவிட்டது என்று கொள்வது பிழை. அதே பட்டையில் வீட்டு வைஃபை, புளூடூத், நுண்ணலை அடுப்பு யாவும் உள்ளன. கூட்டம் மிகுந்தால், பெயர் சொல்லி அழைத்தாலும் செவியில் விழாது. இவ்வலை நேர்கோட்டில் செல்வது. மரமோ மனித உடலோ மறைத்தால் வலு குன்றும். கருவி எத்தனை கூர்மையானாலும், பறக்கவிடுமுன் சுற்றுப்புறத்தை ஆராயும் கடமை பறக்கவிடுபவரை விட்டு நீங்குவதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று

பெட்டாலிங் குன்றில் ஒற்றைக் குரல் ஒலித்த அதே பள்ளத்தாக்கின் வானம் இன்று நெருக்கடி மிகுந்தது. புக்கிட் நானாசில் 421 மீட்டர் உயரக் கோலாலம்பூர் கோபுரம் 1996 முதல் நிற்கின்றது. சுபாங்கில் 1965 முதல் விமான நிலையம், கிள்ளானில் துறைமுகம். விமானமும் கப்பலும் தத்தம் அலைகளில் பேசுகின்றன. மின்னல் பண்பலை 96.3இலும் ராகா 99.3இலும் தமிழ் பேசுகின்றன. ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அலைகளைப் பங்கிடுகின்றது. பெரு நிலையங்களுக்குத் தனி ஒதுக்கீடு. குறைந்த ஆற்றலுள்ள சிறு கருவிகளுக்குப் பொது ஒதுக்கீடு. பொது ஒதுக்கீட்டில் எவருக்கும் தனி உரிமை இல்லை. பிறர்க்கு இடையூறு செய்யாதிருத்தலே அங்கு நிற்பதற்கான தகுதி.

வானத்துக்கு வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. இருப்பவை ஒப்பந்தங்களும் அவற்றை மதிக்கும் மனமுமே. மைதானத்தில் ஒரு சிறுவன் சுவிட்சைத் தொடுமுன் சுற்றிலும் நோக்கி, "யாரும் பறக்கவிடுகின்றீர்களா?" என்று கேட்பானாயின், பெர்லினிலும் வாஷிங்டனிலும் நாடுகள் கூடி வகுத்த முறையை அவனும் கைக்கொண்டவனாவான். அக்கேள்வியை அவனுக்குப் பழக்குவது ஆசிரியர்க்கும் உரிய பணியாகும்.