வீடும் விடுதலையும்

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் மனையையும் குறிக்கும். விடுதலைப் பேற்றையும் குறிக்கும். ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது அது என்பர். ஏழை மக்களுக்கு வீடு கட்டித்தரும் அரசுகள் பெரும்பாலும் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன. இரண்டாம் பொருளையும் எண்ணிக் கட்டிய நகரம் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா.

முதல் உலகப் போருக்கு முன் அந்நகரில் இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். தொழிலாளர் குடியிருந்த மாடிகளில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் நடைவழியில் பொதுவாக இருந்தன. வாடகைச் சுமை தாங்காத குடும்பங்கள் தம் படுக்கையையே சில மணி நேரத்துக்கு அயலாருக்கு வாடகைக்கு விட்டன. 1919இல் சமூக சனநாயகக் கட்சியினர் நகராட்சிப் பொறுப்பேற்றனர். 1922இல் வியன்னா தனி மாநிலமாகி வரி விதிக்கும் உரிமை பெற்றது. மறு ஆண்டே நிதிப் பொறுப்பாளர் ஹியூகோ பிரைட்னர் வீட்டு வரியைக் கொணர்ந்தார். வீடு ஆடம்பரமாக ஆக ஆக வரி விகிதமும் உயர்ந்தது. அவ்வரியைக் கொண்டு 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. கட்டுமானச் செலவு வாடகையில் சேர்க்கப்படாமையால், தொழிலாளி தன் ஊதியத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடே வாடகையாகக் கொடுத்தான்.

அவற்றுள் புகழ்பெற்றது, கார்ல் ஏன் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் அதில் 1,382 வீடுகள். எனினும் கட்டடம் எழுந்தது நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலேயே. எஞ்சியவை முற்றங்களும் தோட்டங்களும். வீடுகள் சிறியவை, குளியலறை தனியே இல்லை. அக்குறையைப் பொதுக் குளியற்கூடம், சலவைக்கூடம், மழலையர் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம் ஆகியவை ஈடுசெய்தன. செம்மை படர்ந்த முகப்பில் பெரும் வளைவுகள்; அவற்றின்மேல் நான்கு சுடுமண் உருவங்கள்.

ஏழைக்கு அரண்மனை முகப்பு எதற்கு என்ற வினா அன்றே எழுந்தது. தோட்டத்தோடு கூடிய சிறு வீடுகளை விரும்பிய கட்டடக் கலைஞர் ஜோசப் பிராங்க், மாளிகைத் தோற்றத்தைக் கண்டித்தார். உள்ளே இடம் சிறுத்திருக்க, வெளியே பெருமிதம் ஏன் என்பது நியாயமான கேள்வியே. ஆயினும், நடைவழிக் குழாயடியில் காத்து நின்றவர்களுக்கு அந்த வளைவின்கீழ் நிமிர்ந்து நடந்து வீடு திரும்புவதும் ஒரு தேவையாக இருந்தது என்பதை மறுக்க இயலாது. மலிவு என்பது கணக்கு. மதிப்பு என்பது வேறு. இரண்டையும் ஒரே சுவரில் எழுப்ப முடியும் என்பதை வியன்னா மெய்ப்பித்தது.

அம்மதிப்பே பகையையும் ஈட்டியது. இவை வீடுகள் அல்ல, கோட்டைகள் என்றனர் எதிரணியினர். 1934 பிப்ரவரியில், உள்ளிருந்து எதிர்த்துநின்ற தொழிலாளர் மீது அரசுப் படை பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது. குடியிருப்பின் பெயரும் நீக்கப்பட்டது. 1945இல்தான் அது மீண்டது.

சுவர்கள் செப்பனிடப்பட்டன, மக்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். வளைவுகளின்மேல் நிற்கும் நான்கு உருவங்களுள் ஒன்றின் பெயர் விடுதலை. அதனைக் கடந்தே அவர்கள் வீடு புகுகின்றனர்.